கலைச்சொல்: செயற்கைக் கண் பராமரிப்புக் குறிப்புக்கான சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு,

> ‘கண்ணாடிக் கண்’ என்றே வைக்கலாமே, சனங்கள் சொல்வது அதுதான்.

சனங்கள் சொல்வது உண்மைதான் ஐயா. ஜெர்மனியின் லவுஷா ஊரில் 19ஆம் நூற்றாண்டில் ஊதிச் செய்தவை கண்ணாடிக் கண்கள்தாம். இரண்டாம் உலகப் போரில் அந்தச் சரக்கு நின்றுபோக, அமெரிக்க ராணுவத்தின் பல் மருத்துவப் பிரிவினர் பல்செட் செய்யும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் கண் செய்யத் தொடங்கினார்கள். இன்று நம் ஊரில் பொருத்துவது பெரும்பாலும் அக்ரிலிக். கண்ணாடி என்று நினைப்பவர் ஸ்பிரிட்டால் துடைப்பார், கொதிநீரில் போடுவார். ஸ்பிரிட் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்பு விழும். அதில் அழுக்குப் படியும், இமை உரசிச் சிவக்கும், பீளை கூடும். அதனால் இந்தப் பெயர் வேண்டாம் என்கிறேன்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. கண்ணை எடுத்த இடத்தில் பெரும்பாலும் ஓர் உருண்டையை வைத்துத் தைத்துவிடுவார்கள். அதை இளஞ்சிவப்புச் சவ்வு மூடியிருக்கும். நாம் கழற்றி மாட்டுவது அதற்கு முன்னால் இமைகளுக்குள் செருகிய மேல் ஓடு மட்டும். இரண்டுக்கும் ‘செயற்கைக் கண்’ என்று ஒரே பெயர் சொன்னால், கழற்றும்போது உருண்டையும் சேர்ந்து வந்துவிடுமோ என்று பயம் வருகிறது. என் அத்தை இந்தப் பயத்திலேயே வெகுநாள் அதைத் தொடவில்லை.

என் பரிந்துரை: உள்ளே இருப்பது ‘உட்பந்து’. கழற்றுவது ‘கண்சிப்பி’. அது உட்காரும் இடம் ‘இமைப்பை’. ‘கண்குழி’ எலும்புக் குழிக்கே இருக்கட்டும். அறுவை முடிந்த முதல் சில வாரங்கள் இமைப்பை சுருங்காமலிருக்க வைக்கும் தற்காலிக ஓட்டுக்கு ‘காப்புச்சிப்பி’.

குறிப்பில் வைத்து எழுதிப் பார்த்தேன்:

“கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாஷ்பேசின் ஓட்டையை அடைத்து, மேலே துண்டு விரியுங்கள். மேலே பார்த்தபடி கீழிமையை விரலால் கீழே இழுத்தால் கண்சிப்பியின் விளிம்பு தெரியும். அது வழுக்கி வரும்போது உள்ளங்கையில் ஏந்துங்கள். மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் விட்டு விரல்நுனியால் தேய்த்து, சோப்பு முழுக்கப் போகும்வரை அலசி, ஈரத்தோடு மாட்டுங்கள். வெளியே வைக்க நேர்ந்தால் உப்புக்கரைசலில் போட்டு வையுங்கள், உலரவிடாதீர்கள். தேவையில்லாமல் அடிக்கடி கழற்றினால் இமைப்பை புண்ணாகும். மாட்டியிருக்கும்போது இமையை மூடி, மூக்குப் பக்கமாகத் துடையுங்கள்.”

*

மறுமொழி:

அம்மா, ‘உட்பந்து’, ‘இமைப்பை’ இரண்டும் நன்று. ‘கண்சிப்பி’தான் இடிக்கிறது. ‘கண்’, ‘ஓடு’ இரண்டையும் சேர்த்து ‘கண்ணோடு’ என்றாலும் சரிவராது, “கண்ணோடு குளிக்கலாம்” என்றால் எப்படிப் படிப்பது? ‘கண்மலர்’ என்றால் என்ன? அம்மனுக்கு வெள்ளியில் சாத்துகிறோமே, அதுவும் கண் வடிவில் மேலே பொருத்துவதுதான். எல்லோருக்கும் தெரிந்த சொல்.

*

மறுமொழி:

ஐயா, அழகான சொல்தான். ஆனால் கண்மலர் என்பது கண் நோய் தீர வேண்டிச் செலுத்தும் காணிக்கை. விழித்திரைப் புற்றுக்காகக் கண் எடுக்கப்பட்ட குழந்தையின் தாயிடம், பார்வை திரும்பாது என்று தெரிந்தே, அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சிப்பி என்றதும் முன்புறம் குவிந்து பின்புறம் குழிந்த வடிவம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. உள்ளே பந்து இல்லை என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஓசைதான் சிக்கல் என்றால் ‘விழிச்சிப்பி’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், இதை அளவெடுத்துச் செய்து, கருவிழிக்கு நிறம் தீட்டி, ஆண்டுக்கு ஒருமுறையாவது பாலிஷ் போட்டுத் தருபவரை என்ன சொல்வது? ‘விழிவனைஞர்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.