ரெஜிமென்ட், பட்டாலியன்: பலூச் காலாட்படையை முன்வைத்துச் சில சொற்கள்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

‘ரெஜிமென்ட்’ என்பதற்குப் ‘படைப்பிரிவு’ என்றே எழுதிவிடலாம் என்று சென்ற மடல்களில் பெரும்பாலோர் கருத்துத் தெரிவித்திருக்கிறீர்கள். பல பட்டாலியன்கள் சேர்ந்த பிரிகேடுக்கும், பல பிரிகேடுகள் சேர்ந்த டிவிஷனுக்கும் நாளிதழ்கள் அதே சொல்லைத்தான் ஆள்கின்றன என்பது ஒருபுறம் இருக்கட்டும். பிரிட்டிஷ் இந்தியப் படையின் வரலாற்றை எழுதும்போது அச்சொல் எங்கே காலை வாருகிறது என்பதைப் பலூச் காலாட்படையைக் கொண்டு காட்ட விரும்புகிறேன்.

சிந்து கைப்பற்றப்பட்ட மறு ஆண்டு, 1844இல், அதைக் கைப்பற்றிய பிரிட்டிஷ் தளபதி சார்லஸ் நேப்பியரின் ஆணைப்படி கராச்சியில் முதல் பலூச் படை திரட்டப்பட்டது. 1846இல் இரண்டாவது படை உருவாயிற்று. இவை பின்னர், பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணப் படைகளுள் ஒன்றான பம்பாய்ப் படையின் 27, 29 ஆகிய எண்களைப் பெற்றன. 1903இல் தலைமைத் தளபதி கிச்சனர் இந்தியப் படை முழுவதற்கும் ஒரே எண்வரிசை வகுத்தபோது, மதராஸ் எண்களோடு 60ஐயும் பம்பாய் எண்களோடு 100ஐயும் கூட்டினார். அவ்வாறுதான் 29 என்பது 129 ஆனது. இக்காலம் முழுவதும் பொதுவாக ஒரு ரெஜிமென்ட் என்பது ஒரே ஒரு பட்டாலியன்தான். ஒரு தளபதி, ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆட்கள், அவ்வளவே. ஆகவே இரண்டு சொற்களில் எதை எழுதினாலும் வாசகர் அதே ஆட்களைத்தான் நினைத்துக்கொள்வார்.

1922ஆம் ஆண்டுச் சீரமைப்பு இதைத் தலைகீழாக்கியது. 124, 126, 127, 129, 130 என்ற ஐந்தும் 10ஆவது பலூச் ரெஜிமென்ட் என்ற ஒரே பெயரின் கீழ் வந்தன. 129 அதன் நான்காவது பட்டாலியன் ஆனது. அதன்பின் ரெஜிமென்ட் ஒரே உடலாகப் போர்க்களத்துக்குச் செல்வதில்லை. பெயரும் சின்னமும் பயிற்சி நிலையமும் புதிய ஆட்களும் அதனிடமிருந்து வரும்; போரிடுவது பட்டாலியன், அதுவும் வேறு வேறு பிரிகேடுகளில். 1942 பிப்ரவரியை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மாவில் சால்வீன் ஆற்றங்கரைக் குசெய்க்கில் ஏழாவது பட்டாலியன் ஜப்பானியரின் இரவுத் தாக்குதலில் சிதறிய சில நாட்களுக்குள், சிங்கப்பூர் வீழ்ந்து, இரண்டாவது பட்டாலியன் சிறைப்பட்டது. ‘பத்தாவது பலூச் படைப்பிரிவு சரணடைந்தது’ என்று எழுதினால் அந்த வாக்கியம் வெறும் தெளிவின்மை அன்று, பொய்.

எனவே பட்டாலியனுக்குப் ‘பட்டாளம்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ‘பட்டாளத்துக்குப் போய்விட்டான்’ என்னும்போது அது படை முழுவதையும் குறிக்கிறதே என்று கேட்பீர்கள். எண்ணோடு சேரும்போது பொருள் தானே குறுகிவிடும்: ‘நான்காம் பட்டாளம்’ என்பதை யாரும் இராணுவம் என்று படிக்க மாட்டார்கள். 1922க்கு முந்தைய ஒற்றைப் பட்டாலியன் ரெஜிமென்ட்டுகளையும், ஆங்கிலப் பெயர் எப்படி இருந்தாலும், பட்டாளம் என்றே எழுதலாம். பல பட்டாளங்களைத் தன் பெயரில் வைத்திருக்கும் அமைப்புக்குப் ‘படையணி’ பொருந்தும். பிரிட்டிஷ் முறையை வழிவழியாகப் பின்பற்றும் இலங்கை இராணுவத்தின் கஜபா ரெஜிமென்ட்டை அங்குள்ள தமிழ்ச் செய்தித்தாள்கள் ‘கஜபா படையணி’ என்றே எழுதிவருகின்றன. இருக்கும் வழக்கை விட்டுப் புதுச்சொல் தேடுவானேன்?

ரெஜிமென்ட்டுக்குப் ‘படைக்குலம்’ என்ற பரிந்துரை காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏற்கத் தயங்குகிறேன். 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தின் ஹாலபெக் அருகே 129ஆம் பலூச்சியரின் இயந்திரத் துப்பாக்கி ஒன்றை ஜெர்மானியக் குண்டு நொறுக்கியது. மற்றொன்றில் இருந்த சிப்பாய் குதாதாத் கான், தாமும் காயமுற்று, தம்முடன் இருந்த ஐவரும் மாண்டபின்னும் சுட்டுக்கொண்டே இருந்தார். இறந்துவிட்டார் என்று எதிரிகள் விட்டுச் சென்றபின் இரவில் ஊர்ந்து மீண்டார். 1911 முதல்தான் இந்தியர் பெறத்தக்கதாயிருந்த விக்டோரியா சிலுவை என்னும் உயரிய பிரிட்டிஷ் வீர விருதை அவ்வாறு முதலில் வென்ற இந்தியச் சிப்பாய் அவரே. அவர் பஞ்சாபின் சக்வால் பகுதியைச் சேர்ந்த பஞ்சாபி முஸ்லிம். அவருடைய பட்டாளத்தில் பத்தான்களும் மஹ்சூதுகளும் பஞ்சாபி முஸ்லிம்களும் இருந்தார்கள். பலூச்சியரைத்தான் தேட வேண்டும். பெயரில் மட்டும் பலூச் எஞ்சியிருந்த ஒன்றைக் குலம் என்றால், சில இனத்தாரே பிறவிப் போர்வீரர்கள் என்று ஆள்சேர்ப்பு அதிகாரிகள் கட்டிய ‘வீர இன’க் கதைக்கு நாமும் தமிழ்ச் சான்று கொடுத்ததாகும். வள்ளுவரின் ‘தொல்படை’யும், உரையாசிரியர் கூறும் ‘மூலப்படை’யும் வேந்தனுக்கு வழிவழியாகக் கட்டுப்பட்ட படையைக் குறிப்பவை, மாதச் சம்பளச் சிப்பாய்க்கு அவை ஒட்டா.

பட்டாளத்தின் உட்பிரிவான ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரே சமூகத்தாரை வைக்கும் ஏற்பாட்டுக்கு நம்மிடம் தயாராகவே ஒரு சொல் இருக்கிறது: ‘வகுப்புவாரி’. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் என்று பழகிய நமக்கு ‘வகுப்புவாரிக் கம்பெனி’ உடனே விளங்கும். கம்பெனியை அப்படியே விட்டுவிடலாம்.

1882 எகிப்துப் போருக்குப் பின் 29க்கு, விக்டோரியா அரசியின் மகனான கன்னாட் கோமகனின் பெயர் ‘டியூக் ஆஃப் கன்னாட்ஸ் ஓன்’ என்று சூட்டப்பட்டது. இதனைக் ‘கன்னாட் கோமகனின் சொந்தப் பலூச்சியர்’ என்று பெயர்ப்பது நகைப்புக்கிடம். சோழர் கல்வெட்டில் ‘சிங்களாந்தகத் தெரிந்த கைக்கோளர்’ என்ற படையின் பெயரில் அரசனின் விருதுப்பெயர் எந்த உருபுமின்றி முன்னே நிற்கிறது. அதே வழியில் ‘கன்னாட் கோமகன் பலூச்சியர்’ என்றால் போதும்.

நம் பட்டியலில் 4/10 என்பதைக் கட்டுரைக்குள் ‘பத்தாம் பலூச் படையணியின் நான்காம் பட்டாளம்’ என விரித்தும், அட்டவணையில் எண்ணாகவும் எழுதலாம். சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக் ஆகிய பதவிப் பெயர்களில் கைவைக்க வேண்டாம். பிரிகேடுக்கு என்ன சொல் என்பது மட்டும் பாக்கி. அதைப் பற்றி உங்கள் கருத்துகளைத் தனி இழையில் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்.