10 பாட்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கோணும்: யூரோவிஷன் மாதிரி ஓட்டு எண்றது எப்படிங்க?

நொய்யல்கரை: ஒரு பாட்டுப் போட்டிக்கு கொங்கு மண்டலத்துக்குன்னு ஒரு சொந்தப் பாட்டுதான் அனுப்ப முடியும், கைவசம் 10 இருக்குது. ஐரோப்பிய நாடுகளுக்குள்ள நடக்கற யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு ஸ்வீடன்காரங்க ஆள் எடுக்கிற மெலோடிஃபெஸ்டிவாலன் மாதிரி பாதி நடுவர், பாதி மக்கள்னு வெச்சிருக்கறோம். 5 நடுவரும் 1 முதல் 10 வரை வரிசை போடுவாங்க, அதுல சராசரி எடுப்போம். மக்கள் ஓட்டு சதவீதப்படி. இது சரியா வருங்களா?

பவானிக்கூடல்: சராசரியை முதல்ல விட்டுருங்க. ஒரு பாட்டுக்கு 1, 1, 2, 2, 10னு இடம் விழுந்தா சராசரி 3.2. இன்னொண்ணுக்கு அஞ்சு பேரும் மூணாமிடம் குடுத்தா 3.0. யாருக்குமே முதலா படாத பாட்டு முந்திருது, அதுவும் ஒரே ஒரு நடுவர் கடைசியில தள்ளினதால. யூரோவிஷன் புள்ளி இருக்குதில்லைங்க: முதலிடத்துக்கு 12, ரெண்டாவதுக்கு 10, மூணாவதுக்கு 8, அப்பறம் 7 முதல் 1 வரை. அதுல போட்டுப் பாருங்க. முதல் பாட்டு 45, மத்தது 40.

தாராபுரத்தான்: சதவீதமும் வேண்டாமுங்க. ஒரு நடுவர் குடுக்கற மொத்தப் புள்ளி 58, அஞ்சு பேருக்கு 290. மக்கள் பக்கமும் 290 வெச்சுக்கலாம். ஆளுக்கு நாலஞ்சு பாட்டுக்கு ஓட்டுப் போடவுட்டா எல்லாமே 8லிருந்து 12 சதவீதத்துக்குள்ளதான் நிக்கும். அப்ப மக்கள் ஓட்டுல முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசமே 11.6 புள்ளி. ஒத்தை நடுவர் தன் முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் நடுவுல வெக்கறது 11. ஊரே போட்ட ஓட்டும் ஒருத்தர் பேனாவும் ஒண்ணாயிருது! ஸ்வீடன்ல 2018 வரைக்கும் இந்தக் கூத்துதான். 2019ல ஓட்டுப் போடறவங்களை வயசுப்படி பிரிச்சு, ஒவ்வொரு பிரிவும் 12-10-8னு குடுக்கற மாதிரி மாத்தினாங்க.

நீங்களும் 5 வயசுப் பிரிவு வையுங்க, ஒரு போன் நம்பருக்கு ஒரு ஓட்டு. ஊர்வாரியா பிரிச்சா கரூர் கரூருக்கே குத்தும். ஒரு பிரிவுல 50 ஓட்டாச்சும் விழுகலைன்னா பக்கத்துப் பிரிவோட சேர்த்து அதோட புள்ளியை ரெட்டிப்பாக்குங்க. இல்லைன்னா 9 பெரியவங்க சேர்ந்து ஒரு 12ஐ முடிவு பண்ணிருவாங்க.

நொய்யல்கரை: ஆகட்டுங்ணா. ரெண்டு பாட்டு சமமா வந்தா? வள்ளி கும்மி மெட்டுல ஒண்ணு இருக்குதுங்க, மேடையில 12 பேர், நாலரை நிமிசம். விடலாமுங்களா?

பவானிக்கூடல்: சமமானா மக்கள் ஓட்டு அதிகமிருக்கறது மேல, யூரோவிஷன்லயும் அப்படித்தான். ஓட்டு எண்றதுக்கு முந்தியே எழுதி வெச்சிருங்க. 1969ல அங்க விதியே இல்லாம ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ்னு நாலு நாடும் ஜெயிச்சதா அறிவிக்க வேண்டியதாப் போச்சு.

நேரம், ஆள் கணக்கெல்லாம் நீங்க அனுப்பப்போற போட்டி விதிதான் பேசோணும். யூரோவிஷன்ல 3 நிமிசம், மேடையில 6 பேர், முதன்மைக் குரல் நேரடி. இத்தாலி யூரோவிஷனுக்கு ஆள் எடுக்கற சான்ரேமோ பாட்டு விழாவுல ஜெயிச்ச பாட்டு நீளமாயிருந்தா வெட்டித்தான் அனுப்பறாங்க. வெட்டறதை ஜெயிச்சதுக்கப்பறம் வெச்சா, நடுவர் கேட்டது ஒரு பாட்டு, போறது வேற பாட்டு. அதனால தேர்வுக்கே வெட்டினதைத்தான் கேக்கோணும். 6 பேர்ல கும்மி வட்டம் நிக்காதுங்க, அரைவட்டமா கேமராவைப் பாத்து நிக்க வெச்சு, மீதிக் கைத்தட்டை பின்னணி ட்ராக்குல போட்டுக்குங்க.

தாராபுரத்தான்: ஜெயிச்சவங்க "நான் போகலை"ன்னா யார் போறதுங்கறதையும் சேர்த்து எழுதுங்க. 2025ல சான்ரேமோவுல முதலிடம் வந்த பாடகர் ஓலி யூரோவிஷனுக்கு வரமாட்டேன்னதுல, ரெண்டாவது வந்த லூச்சியோ கோர்ஸிதான் போனார்.