க்யாரா மூர்த்தியில் தமிழ் ஆள் எங்கே?

முனீர்க்கா அம்மா:

வணக்கம். பையன் ஏழாவது படிக்கிறான். லீவு ஹோம்வொர்க்கில், பல பண்பாட்டு மக்கள் சேர்ந்திருப்பதைக் காட்டும் பொது இடத்துச் சிலை ஒன்றைப் பற்றி சார்ட் செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பே இந்தியா கேட் பக்கம் ஓடும், நாம் வேறு எடுப்போம் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். தில்லியில் சர்தார் படேல் மார்க்கும் மதர் தெரசா கிரசென்ட்டும் சேருகிற இடத்தில் காந்தி முன்னால் நடக்க, பத்துப் பேர் பின்னால் வருவார்களே, க்யாரா மூர்த்தி என்கிற அந்தப் பதினொரு சிலைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி குறைவாக இருக்கும்போது கூட்டிப்போனேன். உடையையும் தலைப்பாகையையும் வைத்து இவர் இந்த ஊர், அவர் அந்த ஊர் என்று பங்கு பிரித்துக்கொண்டே வந்தவன், "தமிழ் ஆள் எங்கேம்மா?" என்று நின்றுவிட்டான். என் வீட்டுக்காரரும் கூடவே வந்திருந்தார். "கடைசியில் வருகிறவர்தான், நாம்தான் எங்கேயும் லேட்" என்றார். அதைச் சார்ட்டில் எழுத முடியுமா?

எதிர்வீட்டு மாமா வேறு, இதைச் செய்தவர் மெட்ராஸ்காரர் என்கிறார். பெயரோ ராய் சௌத்ரி. எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

மயூர் விஹார் ஃபேஸ் ஒன்:

மேடம், பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருந்தது இதே சிலைதான். 2016 நவம்பர் 8 ராத்திரி வரைக்கும் ஊரே இதை பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தது. அப்போது யாரும் தமிழ் ஆளைத் தேடவில்லை, எத்தனை நோட்டு இருக்கிறது என்றுதான் தேடினோம்.

எழும்பூர் பழைய மாணவன்:

எதிர்வீட்டு மாமா சொன்னது முக்கால்வாசி சரி. தேவி பிரசாத் ராய் சௌத்ரி பிறந்தது 1899-ல், ரங்பூரில். இப்போது அது வங்கதேசம். கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் படித்தவர். 1929-ல் மெட்ராஸ் கலைப் பள்ளிக்குத் தலைவராக வந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர்தான். 1957 வரை அங்கேயேதான் இருந்தார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், சிற்பி தனபால் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். நான் அதே வளாகத்தில் பல வருடம் கழித்துப் படித்தேன். அப்போதும் வாத்தியார்கள் அவர் குஸ்தி போட்ட கதையையும் வேட்டைக்குப் போன கதையையும் சொல்லித்தான் பாடத்தையே ஆரம்பிப்பார்கள்.

பையன் சென்னைக்குப் போயிருந்தால் இந்த ஆளின் கையை ஏற்கெனவே பார்த்திருக்கிறான். மெரினா உழைப்பாளர் சிலையும், அதே கடற்கரையில் நடக்கிற காந்தியும் அவர் செய்தவைதான். இரண்டும் 1959-ல் வைத்தவை.

க்யாரா மூர்த்தியை டிராஃபிக்குக்கு நடுவில் நின்று நிதானமாகப் பார்க்க முடியாது. இந்தியா கேட் பக்கம் ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கிற நவீன கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போங்கள், திங்கள் மட்டும் லீவு. உழைப்பாளர் சிலையின் இன்னொரு வார்ப்பு அங்கே புல்வெளியிலேயே நிற்கிறது. நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். கிட்டே போய் முதுகையும் விலாவையும் பாருங்கள். மழமழவென்று தேய்த்து விட்டிருக்க மாட்டார். களிமண்ணை உருண்டையாக அப்பிக் கட்டைவிரலால் அழுத்தினது வெண்கலத்திலும் அப்படியே மேடும் பள்ளமுமாக நிற்கும். வெயில் சாய்ந்து விழும்போது அந்த மேடுபள்ளத்தில்தான் தசை அசைகிற மாதிரி தெரியும். அந்த உடம்புகளை அவர் பார்த்தது மெட்ராஸில்தான். காலேஜில் இருந்தவர்களையே நிற்க வைத்துச் செய்தார் என்று சொல்வார்கள். என் கணக்கில் தில்லிச் சிலையில் இருக்கிற தமிழ்ப் பங்கு, அந்த வங்காளி மெட்ராஸில் கழித்த முப்பது வருடம்தான். உடையை வைத்துத் தேடினால் கிடைக்காது.

கரோல்பாக் மூன்றாம் தலைமுறை:

எனக்கு இந்தச் சிலை பிடிக்கும். ஆனால் ஸ்கூலில் சொல்லித்தருகிற விதம் பிடிக்காது. மாநிலத்துக்கு ஒரு உடை, மதத்துக்கு ஒரு தலை, ஆச்சு ஒற்றுமை. தாத்தா சர்க்கார் வேலைக்காகக் கரோல்பாக் வந்தபோது சுற்றிலும் லாகூரிலிருந்தும் ராவல்பிண்டியிலிருந்தும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்கள் எங்களை மதராசி என்றார்கள். நாங்களும் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்போம். பாட்டிக்கு ஒரு வார்த்தை பஞ்சாபி வராது, பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு வார்த்தை தமிழ் வராது. இருந்தாலும் ரேஷன் கடையில் ஒருவர் இடத்தை ஒருவர் பிடித்து வைப்பார்கள். இதற்கு யாரும் சிலை வைக்க மாட்டார்கள்.

அப்புறம், தம்பியிடம் இதையும் சொல்லுங்கள். சிலை காட்டுவது தண்டி உப்பு யாத்திரையைத்தான், ஆனால் அன்று நடந்தவர்களின் போட்டோ இல்லை அது. 1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து காந்தியோடு கிளம்பிய 78 பேரில் ஒரு பெண்கூடக் கிடையாது. சரோஜினி நாயுடு கடைசியில் தண்டியில்தான் வந்து சேர்ந்தார். சிற்பி பெண்களையும் சேர்த்தே நடக்க வைத்திருக்கிறார், நல்லதுதான். அந்த 78 பேரில் கேரளத்துக் கிறிஸ்தவர் டைட்டஸ் இருந்தார், நேபாளத்திலிருந்தும் ஒருவர் இருந்தார். இந்தப் பட்டியல் எந்தச் சிலையையும் விடக் கலவையானது.

தமிழ் ஆள் எங்கே என்று கேட்டால், ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜியோடு திருச்சியிலிருந்து கிளம்பி வேதாரண்யத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள். 30-ம் தேதி உப்பு அள்ளினார்கள். அவர்களுக்கு வேறு கடற்கரை, அவ்வளவுதான்.

எழும்பூர் பழைய மாணவன்:

சார், உடையைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உடையை மறந்துவிட்டுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பதினொரு பேரும் ஒரே பக்கம் இழுபடுவார்கள். வயது, உடம்பு எல்லாம் வேறு வேறு, போகிற திசை மட்டும் ஒன்று. அதை எந்த அட்டைப்பெட்டி அலங்கார ஊர்தியாலும் செய்ய முடியாது. அவர் பாட்னா தலைமைச் செயலகத்துக்கு எதிரே 1942-ல் சுடப்பட்ட ஏழு மாணவர்களைச் செய்திருக்கிறார், அதையும் ஒருமுறை பாருங்கள். கூட்டமாக மனிதர்களை நகர வைப்பதில் அந்த ஆள் கில்லாடி.

முனீர்க்கா அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கரோல்பாக் சார், ரேஷன் கடை விஷயத்தைப் படித்துக்காட்டினேன். எங்கள் பிளாக்கில் தண்ணி டேங்கர் வரும்போது நடப்பதும் அதுதானே என்றான்.

சார்ட் இப்படி: நடுவில் பதினொரு பேர். மேலே சிற்பி வந்த வழி, ரங்பூர், கல்கத்தா, மெட்ராஸ், தில்லி என்று ஒரு கோடு. கீழே தண்டிக்கு ஒரு கோடு, வேதாரண்யத்துக்கு ஒரு கோடு. வேதாரண்யத்தை மட்டும் சிவப்பு ஸ்கெட்சில் போட்டிருக்கிறான், சொன்னால் கேட்கவில்லை.

இன்னொரு சந்தேகம். மாமியார் பூஜை அறையில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்ததில் இரண்டு பழைய ஐந்நூறு அகப்பட்டது. ஒன்றை சார்ட்டில் ஒட்டினால் போலீஸ் கேஸ் ஆகுமா?

மயூர் விஹார் ஃபேஸ் ஒன்:

ஆகாது. 2017-ல் போட்ட சட்டப்படி செல்லாத நோட்டு பத்து வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பசை போடாதீர்கள், நாலு மூலையிலும் போட்டோ கார்னர் வைத்துச் செருகுங்கள். சார்ட் திரும்பி வந்ததும் மாமியார் கேட்பார்.