பாஞ்சோ யுகுலேலே தோல் தொய்ந்துவிட்டது

மூணாறு எஸ்டேட்டில் இருந்த தாத்தாவின் பாஞ்சோ யுகுலேலே, அதாவது மேளம் மாதிரி தோல் போர்த்திய சின்னக் கம்பி வாத்தியம். கம்பெனி பெயர் எங்கும் இல்லை. நாலு நைலான் கம்பி, 8 அங்குலக் கன்றுத்தோல், தோலை இழுத்துப் பிடிக்கச் சுற்றிலும் நட்டு போட்ட 16 கொக்கி.

ஜூன் மழை தொடங்கியதிலிருந்து தோல் தொய்ந்து, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் (மரக்கட்டை) குழிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. நாலு கம்பிக்கும் வைக்கும் ஜி, சி, இ, ஏ சுருதி அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாய் முறுக்கினேன். இரண்டு துருப்பிடித்து, மண்ணெண்ணெய் விட்டும் அசையவில்லை. அடுப்படியில் வைத்தால் விறைக்கிறது, மழை வந்தால் பழைய கதைதான். மிருதங்கம் கட்டுபவர் தடவிப் பார்த்து, "ரொம்ப மெல்லிசு, நம்ம வேலை இல்லை" என்றார். விளிம்பில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கிழிசல் வேறு.

பிளாஸ்டிக் தோல் மழைக்குத் தாங்கும், சரி. ஆனால் தாத்தா விரல் பட்டுக் கறுத்த இடம் போய்விடுமே.

இந்தத் தோலையே காப்பாற்றித் தருபவர் தேனி, கொச்சி பக்கம் யாராவது இருக்கிறார்களா?