மணலில் முன் சில்லுகள் சுழலவில்லை, இப்போது கிளச்சும் நழுவுகிறது – பழைய ஹைலக்ஸ்

கேள்வி (பருத்தித்துறை)

அண்ணாமாருக்கு வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன் பழைய டீசல் ஹைலக்ஸ் டபிள் கப் ஒன்றை வாங்கினேன். முன் சில்லுகளின் ஹப்பை (சில்லை அதன் இழுவைத் தண்டோடு இணைக்கும் நடுப்பகுதி) கையால் திருப்பிப் பூட்டும் வகை. கடந்த வாரம் வலைகளை ஏற்றிக்கொண்டு மணற்காட்டுக் கரையிலிருந்து திரும்பும்போது வண்டி மணலில் புதைந்துவிட்டது. இரண்டு ஹப்புகளையும் பூட்டி, லீவரை நான்கு சில்லு இழுவைக்கான எச்-4 இல் போட்டேன், அதற்கான விளக்கும் எரிந்தது. ஆனால் பின் சில்லுகள் மட்டுமே மணலைத் தோண்டின. கால் மணி நேரம் போராடியதில் கிளச் கருகும் மணம் வந்தது. அன்றிலிருந்து ஐந்தாம் கியரில் மிதித்தால் எஞ்சின் இரைகிறதே தவிர வேகம் கூடுவதில்லை.

வாங்கும்போது தார் வீதியில் எச்-4 இல் போட்டு, ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்து ஓட்டிப் பார்த்தேன். எந்த இறுக்கமும் இல்லாமல் திரும்பியதால் குறையில்லை என்று நம்பினேன். இப்போது கராஜில் கியர்பொக்ஸையும், இழுவையை முன் பின் சில்லுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸையும் கழற்ற வேண்டும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில் (கொக்குவில்)

தம்பி, டிரான்ஸ்பர் கேஸில் இப்போதைக்குக் கை வைக்க விடாதீர்கள். இறுக்கமில்லாமல் திரும்பியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கோளாறின் முதல் அடையாளம். இந்த வகை வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. ஆகையால் முன் சில்லுகளுக்கு உண்மையாகவே இழுவை போயிருந்தால், தார் வீதியில் ஒடித்துத் திருப்பும்போது வண்டி பிடித்து இழுப்பதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். விளக்கு டிரான்ஸ்பர் கேஸில் உள்ள சுவிட்சால் எரிகிறது. ஹப் பூட்டியதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

ஒரு பக்க ஹப் மட்டும் பூட்டாவிட்டாலே போதும்: முன் டிஃபரன்ஷியல் இழுவையை அந்தப் பக்கத்து வெறும் தண்டைச் சுழற்றுவதில் செலவழித்துவிடும், மற்றச் சில்லும் அசையாது. சமதரையில் பின் சில்லுகளுக்குக் கல் அணை கொடுத்து, முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் இருத்துங்கள். எஞ்சினை நிறுத்தி, கியரில் விட்டு, எச்-4 போட்டு, ஹப்புகளைப் பூட்டிய பின் ஒரு சில்லைக் கையால் சுழற்றுங்கள். மற்றச் சில்லு எதிர்த்திசையில் சுழன்றால் இரண்டு ஹப்பும் நலம். சுழலாவிட்டால், எந்தப் பக்கம் எந்தப் பாரமுமின்றி இலகுவாகச் சுழல்கிறதோ அந்த ஹப்பைத் திறந்து பாருங்கள்.

பதில் (சாவகச்சேரி)

கிளச்சைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முதலில் பெடலைக் கையால் அழுத்தி, பாரம் தெரியும் முன் சிறிது தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள்; இந்த வண்டிகளில் பொதுவாக 5 முதல் 15 மில்லிமீற்றர் வரை இருக்கும். தளர்வே இல்லையென்றால், பெடலை மிதிக்கும்போது கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங், கிளச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிறஷர் பிளேட்டை எந்நேரமும் தள்ளிக்கொண்டிருக்கக்கூடும், அப்போது நல்ல பிளேட்டும் நழுவும். அடுத்து, கிளச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் உள்ள சிறு துளையை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கரிய ஒயில் படிந்தால் எஞ்சினின் பின் சீல் (ஒயில் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) கசிகிறது. கியர் ஒயிலின் காரமான மணம் வந்தால் கியர்பொக்ஸின் முன் சீல். ஒயில் பட்ட பிளேட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு. யாழ்ப்பாணத்தில் ஏற்றமான வீதி கிடையாதே, ஆகவே நழுவுவதை உறுதிப்படுத்த ஹாண்ட் பிரேக்கை இறுக்கி, நான்காம் கியரில் கிளச்சை மெதுவாக விடுங்கள்: எஞ்சின் உடனே நிற்க வேண்டும். இதை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இன்று காலை பார்த்தோம். இடப்பக்கச் சில்லைச் சுழற்றியபோது கையில் சற்றுப் பாரம் தெரிந்தது. வலப்பக்கம் சைக்கிள் சில்லைப் போலச் சுழன்றது. வலப்பக்க ஹப்பைத் திறந்தபோது மணலும் துருவும் பழைய கிறீஸும் செங்களிபோல் இறுகியிருந்தன; உள்ளே நகர வேண்டிய வளையம் விரலால் தள்ளியும் அசையவில்லை. பெடலில் தளர்வு இருக்கிறது. துணியில் ஒயில் படியவில்லை. நான்காம் கியரில் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருந்தது.

பதில் (கொக்குவில்)

அப்படியானால் ஹப் பூட்டாததே தொடக்கம். சுமை முழுவதும் பின் சில்லுகளில் விழ, நீங்கள் அரைக் கிளச்சில் போராட, பிளேட் எரிந்திருக்கிறது. கியர்பொக்ஸை இறக்கத்தான் வேண்டும், ஆனால் கிளச்சுக்காக மட்டும். பிளேட், பிறஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். கிளச் பிளேட் உரசும் எஞ்சின் சக்கரமான ஃபிளைவீல் சூட்டால் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். ஹப்பை டீசலில் கழுவிக் காயவைத்து, கிறீஸை மெல்லியதாகவே பூசுங்கள். அப்பிவிட்டால் மீண்டும் பூட்டாது. வளையம் அப்போதும் அசையாவிட்டால் அந்த ஹப்பை மாற்றுங்கள். இடப்பக்க ஹப்பையும் திறந்து கழுவாமல் வண்டியைக் கரைக்கு இறக்க வேண்டாம்.