ஒரே த்ராம்பினுக்கு பிளேட்லெட்டும் எண்டோதீலியமும் ஏன் எதிரெதிராக நடந்துகொள்கின்றன?

மூன்றாமாண்டு_மாணவி:
உடலியங்கியல் படிக்கிறேன், ரத்தம் உறைதல் பாடத்தில் மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். உறைதலை நடத்தும் நொதியான த்ராம்பின் வந்து ரத்தத் தட்டணுவான பிளேட்லெட்டின் மேலுள்ள பார்-1 ஏற்பியை வெட்டுகிறது, உள்ளே கால்சியம் ஏறுகிறது, பிளேட்லெட் உருமாறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, இதுவரை சரி. ஆனால் ரத்தக்குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் எண்டோதீலியச் செல்லிலும் அதே பார்-1 இருக்கிறது, அங்கேயும் கால்சியம்தான் ஏறுகிறது. அது மட்டும் எப்படி நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாசைக்ளினும் விட்டு பிளேட்லெட்டை அடக்குகிறது?

கால்சியம்_பக்கம்:
நல்ல கேள்வி, பலர் இதை மனப்பாடம் செய்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவார்கள். கால்சியம் ஏறுவது வெறும் தகவல், அதைக் கேட்டு வேலை செய்ய உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எண்டோதீலியத்தில் அது கால்மாடுலின் என்ற கால்சியம் பிடிக்கும் புரதத்தோடு சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு செய்யும் நொதியை எழுப்புகிறது. பிளேட்லெட்டில் அதே கால்சியம் ராப்-1 என்ற உள் புரதம் வழியாக மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்ற ஒட்டும் ஏற்பியைத் திறந்துவிடுகிறது, ரத்தத்திலுள்ள ஃபைப்ரினோஜன் புரதம் வந்து இரண்டு பிளேட்லெட்டுக்கு நடுவே பாலமாகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். இரண்டு செல்லும் அதைச் சவ்விலிருந்து பிய்த்தெடுத்து, சைக்ளோஆக்சிஜினேஸ் நொதியால் பிஜிஹெச்2 என்ற இடைப்பொருளாக்கும் வரை ஒரே பாதைதான், கடைசி நொதி மட்டும் வேறு. பிளேட்லெட்டில் அது த்ராம்பாக்சேன் ஆகிறது, எண்டோதீலியத்தில் புரோஸ்டாசைக்ளின் ஆகிறது, முன்னது ஒட்டவைக்கும், பின்னது ஒட்டவிடாது. அப்புறம் புரோஸ்டாசைக்ளின் பிளேட்லெட்டுக்குள் சைக்ளிக் ஏஎம்பியையும் நைட்ரிக் ஆக்சைடு சைக்ளிக் ஜிஎம்பியையும் கூட்டும், இந்த இரண்டு தகவல் மூலக்கூறுகளும் சேர்ந்து கால்சியத்தை ஏறவிடாமல் பிடிக்கும்.

ஆய்வக_மேசை:
மேலே சொன்னதை ஆஸ்பிரின் வைத்துப் பார்த்தால் கண்ணெதிரே தெரியும். ஆஸ்பிரின் சைக்ளோஆக்சிஜினேஸை நிரந்தரமாக முடக்குகிறது. பிளேட்லெட்டுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள வழியில்லை என்றே சொல்லலாம், அதனால் தன் 7 முதல் 10 நாள் ஆயுள் முழுக்க அப்படியே கிடக்கும். எண்டோதீலியத்துக்கு உட்கரு இருப்பதால் சில மணி நேரத்தில் புதிதாகச் செய்துகொள்ளும். தினம் 75 மில்லிகிராம் போன்ற சிறிய அளவே இதய நோயாளிகளுக்குப் போதும் என்பதற்கு இது முக்கியக் காரணம்.

நான் பிளேட்லெட் ஒட்டும் சோதனை செய்கிறவன். ஒருமுறை ஒருவரின் மாதிரியில் அராகிடோனிக் அமிலம் போட்டால் அசையவே இல்லை, த்ராம்பின் போட்டதும் உடனே திரண்டது. விசாரித்தால் முந்தின நாள் தலைவலிக்கு ஆஸ்பிரின் கலந்த மாத்திரை போட்டிருக்கிறார். த்ராம்பினுக்கு வேறு வழிகளும் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பழைய_வாசகன்:
ஒரு திருத்தம். எண்டோதீலியம் எப்போதும் அடக்குகிற பக்கம்தான் என்று எழுதிவிடாதீர்கள், தேர்வில் மதிப்பெண் போகும். அதே த்ராம்பின் அந்தச் செல்லிலிருந்து பிளேட்லெட்டை ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்ட் காரணியையும் வெள்ளணுவைப் பிடிக்கும் பி-செலக்டினையும் வெளியே தள்ளுகிறது, செல்களுக்கு இடையே இடைவெளியும் விடவைக்கிறது, இவை உறைதலுக்கும் அழற்சிக்கும் உதவுகிறவை. இன்னொரு பக்கம் செல்லின் மேலிருக்கும் த்ராம்போமாடுலின் என்ற ஏற்பியைத் த்ராம்பின் பிடித்துக்கொண்டால் புரோட்டீன் சி-யைத் தூண்டி உறைதலைத் தானே நிறுத்துகிறது.

மருந்தியலாளர் ஃபர்ச்காட் 1980ல் முயலின் பெருந்தமனித் துண்டில் காட்டியதையும் படியுங்கள். உள்படலம் (எண்டோதீலியம்) இருந்தால் அசிட்டைல்கோலின் என்ற நரம்புக் கடத்தி குழாயைத் தளர்த்தியது, அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் தளரவே இல்லை. நைட்ரிக் ஆக்சைடு வரை போன பாதை அங்கேதான் தொடங்கியது, 1998ல் நோபல் பரிசும் வந்தது.

மூன்றாமாண்டு_மாணவி:
மூவருக்கும் மிக்க நன்றி. பிஜிஹெச்2 இடத்தில் இரண்டு செல்லும் பிரிவதை இப்போதுதான் படமாக வரைந்தேன், ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. பழைய_வாசகன் சொன்னதற்கு ஒரு சந்தேகம்: உள்படலம் உரிந்த இடத்தில் த்ராம்போமாடுலினும் இருக்காது, அப்போது அங்கே த்ராம்பினுக்கு உறையவைக்கும் வேலை மட்டும்தானே மிஞ்சும்?

பழைய_வாசகன்:
ஆமாம், அங்கே அப்படித்தான். ரத்தக்கட்டி நல்ல உள்படலம் இருக்கும் பக்கம் பரவும்போதுதான் த்ராம்போமாடுலின் குறுக்கே வரும், அதையும் படத்தில் சேருங்கள்.