பக்கத்து நாடுகள் ஒன்றாகச் சேரலாமா என்று ஓட்டு வைத்தால் மக்கள் ஏன் 'வேண்டாம்' என்கிறார்கள்?

கூலாய்_குமரன்:

வணக்கம். எங்கள் பக்கம், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் கூலாயில், வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், விடியற்காலை நாலு மணிக்கே பாலத்துக்குக் கிளம்பும் மோட்டார் சத்தம் ஆரம்பித்துவிடும். 2025 ஜனவரியில் ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு இரண்டு அரசும் கையெழுத்துப் போட்டன, எங்கள் மாவட்டத்துச் செடெனாக்கும் அதில் வருகிறது. தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஒருவர் "அப்போ இரண்டு நாட்டையும் மறுபடி ஒன்றாக்கிவிடலாமே" என்றதும் மேசையே எழுந்து நின்று வேண்டாம் என்றது, தினமும் அங்கே போய் சம்பாதிப்பவர்கள்தான் முதலில் சொன்னார்கள். ஏன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை.

அப்புறம் ஐரோப்பா பற்றித் தேடிப் படித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஓர் அரசியலமைப்பு வேண்டுமா என்று 2005 மே 29 அன்று பிரான்ஸில் ஓட்டு வைத்தார்கள், 54.7 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். மூன்று நாள் கழித்து நெதர்லாந்தில் 61.5 சதவீதம் வேண்டாம். இரண்டுமே 1950களில் அந்தக் கூட்டமைப்பைத் தொடங்கிய நாடுகள்! இது அறியாமையா, பக்கத்து நாட்டுக்காரன் மேல் வெறுப்பா, வேறு ஏதாவதா?

சரசு_செனாய்:

அண்ணே, அறியாமை என்று தோற்ற அமைச்சர்கள்தான் சொல்வார்கள். பிரான்ஸில் அந்த ஒப்பந்தத்தின் முழு உரையையும், 448 பிரிவுகளோடு, ஓட்டர்கள் வீட்டுக்கே அனுப்பினார்கள். புத்தகக் கடைகளில் அதைப் பற்றிய விளக்க நூல்கள் நன்றாக விற்றன. ஓட்டுப் போட வந்தவர்களும் 69 சதவீதம். படித்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்கள்.

காரணம் ஆளுக்கு ஒன்று. அப்போதைய அதிபர் சிராக்கின் அரசின் மேல் கோபம் சிலருக்கு. போலந்திலிருந்து குறைந்த கூலிக்கு ஆள் வந்து தன் வேலையைப் பிடுங்குவான் என்ற பயம் சிலருக்கு, 'போலந்து பிளம்பர்' என்ற பேச்சு அப்போது ஊரெல்லாம் ஓடியது. நெதர்லாந்தில் யூரோ வந்த பிறகு விலைவாசி ஏறிவிட்டது, ஒன்றியத்துக்கு நாம்தான் தலைக்கு அதிகம் கட்டுகிறோம் என்ற புகார். இவ்வளவுக்கும் அந்த நாட்டின் பெரிய கட்சிகள் எல்லாமே 'ஆமாம்' பக்கம் நின்றன, மக்கள் தங்கள் கட்சியையே மீறி ஓட்டுப் போட்டார்கள்.

இதற்கெல்லாம் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்: நாளைக்கு ஒரு முடிவு எனக்குப் பிடிக்கவில்லை என்றால் நான் யாரைப் போய்ப் பிடிப்பது? நம் தோட்டத்து ரோட்டில் குழி விழுந்தால் சட்டமன்ற உறுப்பினர் ஆபீஸ் வாசலில் போய் நிற்கலாம், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்றாவது சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸில் போய் யார் வாசலில் நிற்பது? அதிலும் பாருங்கள், 2005-இல் வேண்டாம் என்ற விஷயத்தில் பெரும்பகுதி 2007-இல் லிஸ்பன் ஒப்பந்தமாக வந்தது, இந்த முறை பிரான்ஸ் நாடாளுமன்றத்திலேயே முடித்துவிட்டார்கள், மக்களைக் கேட்கவில்லை. அடுத்த தடவை கேட்டால் மக்கள் எப்படி நம்புவார்கள்?

பழைய_கிராணி:

தம்பி குமரன், ஐரோப்பாவுக்குப் போவதற்கு முன் நம் கதையையும் பாருங்கள். 1962 செப்டம்பர் 1 அன்று சிங்கப்பூரில் மலாயாவோடு இணைப்பது பற்றி வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுச் சீட்டில் மூன்று தேர்வு, மூன்றுமே எந்த மாதிரி இணைவது என்பதுதான், வேண்டாம் என்று சொல்ல இடமே கிடையாது. அந்தத் திட்டத்தை எதிர்த்த பாரிசான் சோசியாலிஸ் கட்சி வெற்றுச் சீட்டாகப் போடச் சொன்னது, நாலில் ஒரு பங்கு அப்படித்தான் விழுந்தது. 1963 செப்டம்பர் 16 சேர்ந்தார்கள், 1965 ஆகஸ்ட் 9 பிரிந்தார்கள். அன்றைய பெரிய சண்டைகளில் ஒன்று குடியுரிமை: சேர்ந்த பிறகு சிங்கப்பூர்க்காரனுக்கு என்ன அந்தஸ்து என்பது.

ரப்பர் தோட்டத்து மக்களுக்கு இது லேசான விஷயம் இல்லை. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தது, சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை) வைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். என் அப்பா கிராணியாக (தோட்டத்து எழுத்தராக) இருந்த தோட்டத்தில் ஒரு பெரியவர், வாழ்நாள் முழுக்கப் பால் வெட்டியவர், பிஸ்கட் டின்னில் சுருட்டி வைத்திருந்த காகிதங்களை எல்லாம் ஆபீஸ் மேசையில் கொட்டி, "இதில் எது என்னை இங்கே இருக்க விடும், பாருங்க ஐயா" என்றாராம். ஒன்றும் விடவில்லை. நாடு, எல்லை, இணைப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் இந்த மாதிரிக் குடும்பத்தில் வந்தவன் முதலில் கேட்பது "என் ஐசி என்ன ஆகும்" என்பதைத்தான். அதை வெறுப்பு என்று யாரும் சொல்லக் கூடாது.

பிந்துலு_சேகர்:

ஐயா சொல்வதோடு இதையும் சேர்க்கிறேன். நான் போர்னியோ தீவில் இருக்கும் மலேசிய மாநிலமான சரவாக்கில் வேலை பார்த்தவன். ஒரே நாடுதான், ஆனால் தீபகற்பத்திலிருந்து போனால் கூச்சிங்கில் இமிகிரேஷன் கவுண்டரில் ஐசியைக் காட்ட வேண்டும், சும்மா போனால் 90 நாள், வேலை செய்ய வேண்டுமானால் தனியாக பெர்மிட். முதல் தடவை எனக்கு வயிறு எரிந்தது. அங்கே இருந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கவுண்டரை அவர்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்று. மலேசியாவில் சேர நிபந்தனையாக, பக்கத்து மாநிலமான சபா 20 அம்சம் கேட்டது, சரவாக் 18 அம்சம் கேட்டது, குடிநுழைவு அதிகாரம் அதில் ஒன்று. அங்கே மக்கள் வாக்கெடுப்பு நடக்கவில்லை, பிரிட்டனும் மலாயாவும் அமைத்த கோபோல்ட் ஆணையம்தான் ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்டது. மூன்றில் ஒரு பங்கு பேர் சேரலாம் என்றார்கள், இன்னொரு பங்கு பாதுகாப்பு எழுதிக் கொடுத்தால் சேரலாம் என்றார்கள். அதாவது பிரேக் நம் கையில் இருந்தால் வண்டியில் ஏறத் தயார்.

கூலாய்_குமரன்:

அப்படியென்றால் அந்த லிஸ்பன் ஒப்பந்தத்துக்கு அயர்லாந்தில் இரண்டு தடவை ஓட்டு வைத்ததும் இதனால்தானா? 2008-இல் 53.4 சதவீதம் வேண்டாம், 2009-இல் 67.1 சதவீதம் சரி. ஆமாம் என்று சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது ஏமாற்று மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது.

பிந்துலு_சேகர்:

நான் அப்படிப் பார்க்கவில்லை அண்ணே. இடையில் அயர்லாந்து பேரம் பேசியது: ராணுவ நடுநிலை, வரி, கருக்கலைப்புச் சட்டம் மூன்றிலும் கை வைக்க மாட்டோம் என்று உத்தரவாதம், ஐரோப்பிய ஆணையத்தில் நாட்டுக்கு ஓர் இடம். டென்மார்க்கும் ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை 1992-இல் 50.7 சதவீதத்தில் மறுத்து, யூரோவும் ராணுவமும் உட்படச் சில விஷயங்களில் விலக்கு வாங்கிக்கொண்டு, 1993-இல் சரி என்றது. வேண்டாம் என்ற ஓட்டுக்கு ஒரு விலை கிடைத்தது.

சரசு_செனாய்:

எனக்கு இதில் சம்மதம் இல்லை சேகர். 2008 இறுதியில் பொருளாதாரம் கவிழ்ந்தது, அயர்லாந்துக்காரர்கள் பயந்து போய்த்தான் ஒரு வருடத்தில் மாறினார்கள், உத்தரவாதம் மட்டும் காரணம் இல்லை. பேரமே படியாத இடத்தைப் பாருங்கள், ஜமைக்கா. கரீபியன் தீவுகள் சேர்ந்த மேற்கிந்தியக் கூட்டமைப்பில் பாதிக்கு மேல் மக்கள் ஜமைக்காவில், நாடாளுமன்றத்தில் 45 இடத்தில் அவர்களுக்கு 17. கூட்டமைப்பு தங்கள் மேல் வரி போடும் என்ற பயம் வேறு. 1961 செப்டம்பரில் 54 சதவீதம் பேர் வெளியேறலாம் என்றார்கள், அடுத்த மே மாதம் கூட்டமைப்பே கலைந்தது.

குமரன் அண்ணே, உங்கள் கடை மேசைக்கு வருகிறேன். அவர்கள் வேண்டாம் என்பதற்குப் பதில் அவர்கள் சம்பளத்திலேயே இருக்கிறது. டாலரில் சம்பாதித்து ரிங்கிட்டில் செலவு செய்வதுதான் அவர்கள் லாபம், அந்த லாபம் எல்லை இருப்பதால் வருவது. நாளைக்கு ஒரே நாடு, ஒரே காசு என்றால் கூலாய் வாடகை எங்கே போய் நிற்கும்? நார்வேயும் இதே கணக்குப் பார்த்துத்தான் ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர 1972-இலும் 1994-இலும் மறுத்தது. மீனும் எண்ணெயும் தன் கையில், ஐரோப்பியச் சந்தைக்குள் வியாபாரமும் நடக்கிறது. பதிலுக்குச் சந்தை விதிகளில் பெரும்பாலானவற்றை, அவற்றுக்கு ஓட்டுப் போடும் உரிமை இல்லாமலே, ஏற்றுக்கொள்கிறது. அந்த விலை பரவாயில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். உங்கள் மேசையில் யாரும் சிங்கப்பூரில் சிபிஎப் (ஓய்வுக்கால சேமிப்பு நிதி) இல்லாமல், பெர்மிட் புதுப்பிப்பார்களா என்று தவிப்பது பற்றிப் பேசவில்லையா? அவர்களிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், பதில் மாறலாம்.